மைதானத்துக்குப் போன சீதன வளவு

எங்கள் குசினி இருந்த இடத்தில் இப்போது ஒரு கோல் கம்பம் நிற்கிறது. அம்மா புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு சோறு வடித்த இடத்தில் யாரோ வீட்டுப் பிள்ளை காற்சட்டையோடு நின்று பந்து மறிக்கிறான். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பும் வரும், கோபமும் வரும். எது முந்தி வரும் என்பது அன்றைய வெயிலைப் பொறுத்தது.

முப்பதுகளில் நடந்தது இது. பட்டணத்துக்கும் பரவைக்கடலுக்கும் நடுவில், ஒரு மாட்டுவண்டி மட்டுமட்டாகப் போகக்கூடிய ஒழுங்கை ஒன்று இருந்தது. இரண்டு பக்கமும் கிடுகு வேலி, வேலிக்குள் வீடும் கிணறுமாக ஒன்பது வளவு. எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண்பிள்ளைக்குத்தான் சீதனமாகப் போகும். மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வந்து சேருவார். எங்கள் வளவில் பாதியைப் பிரித்து எனக்கு ஒரு சின்ன வீடு கட்டித் தந்திருந்தார்கள். என் கணவர் என்னைக் கைப்பிள்ளையோடு விட்டுவிட்டு மலாயாவுக்கு ரயில்வே வேலைக்குப் போய்விட்டார். கடிதம் எழுதுவதில் கெட்டிக்காரர், வந்து சேருவதில் அவ்வளவு கெட்டிக்காரர் இல்லை. மற்றப் பாதியும், ஐயாவும் அம்மாவும் இருந்த பெரிய வீடும், கிணறும் என் தங்கைக்கு என்று வைத்திருந்தார்கள்.

கிணற்றைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. கடலுக்கு அவ்வளவு கிட்ட இருந்தும் அந்தக் கிணற்றில் நல்ல தண்ணீர். ஒழுங்கையில் மற்றக் கிணறுகள் எல்லாம் சவர். குளிக்கலாம், குடிக்க முடியாது. விடிந்தால் எங்கள் வாசல் படலையில் குடங்களின் சத்தம்தான். அம்மாவுக்கு அதில் கொஞ்சம் பெருமை. யாராவது அவவோடு கோபித்துக்கொண்டால் ஒரு நாளைக்குமேல் கோபமாக இருக்க முடியாது. அடுத்த நாள் குடத்தோடு வந்துதானே ஆகவேண்டும்!

தங்கைக்குச் சம்பந்தம் பொருந்தியதும் அந்தக் கிணற்றால்தான். மாப்பிள்ளை பட்டணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார். எங்களுக்குத் தூரத்துச் சொந்தம். தகப்பன் இல்லை, தாய் ஒருத்தியாக நின்று வளர்த்த ஒரே பிள்ளை. அந்த மாமியின் வளவுக் கிணறு கடும் சவர். கலியாணம் முடித்த நாளிலிருந்து இடுப்பில் குடத்தோடு அடுத்த குறிச்சிக்கு நடந்து தண்ணீர் காவிய மனுசி. அதனால் அவவுக்கு ஒரே ஒரு பிடிவாதம்: மகன் போய் ஏறுகிற வீட்டில் நல்ல தண்ணீர் இருக்கவேண்டும். பெண் பார்க்க வந்த அன்று முந்தானையில் ஒரு பிடி துவரம்பருப்பு முடிந்துகொண்டு வந்தா. எங்கள் கிணற்றுத் தண்ணீரில் அதை அவித்துக் காட்டச் சொன்னா. சவர்த் தண்ணீரில் துவரம்பருப்பு எவ்வளவு விறகு எரித்தாலும் கல்லுப்போலக் கிடக்கும். நல்ல தண்ணீரில் மலர்ந்துவிடும். எங்கள் பெண்களுக்கு வேறு பரிசோதனை தேவையில்லை. மாமி என் தங்கையை ஒரு தரம் பார்த்தா, பானைக்குள் பல தரம் பார்த்தா. பருப்பு மலர்ந்தது. சம்பந்தமும் மலர்ந்தது.

மாப்பிள்ளைக்கு உதைபந்துப் பைத்தியம். அவரும் கூட்டாளிமாரும் பரவைக்கடல் கரைச் சேற்றில் விளையாடுவார்கள். பாதி நேரம் பந்தைத் துரத்துவது, மீதி நேரம் பந்தைக் கடலில் இருந்து எடுப்பது. இளந்தாரிகளுக்கு ஒரு வெளி வேண்டும் என்று கேட்டு, எல்லாரும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பட்டணசபைத் தலைவரிடம் போனார்கள். இவர்தான் முன்னுக்கு நின்று இங்கிலிஷில் கதைத்தவராம். கதை எடுபட்டுவிட்டது.

ஒரு தை மாதத்தில் சங்கிலியும் சிவப்புக் கொடியுமாக ஆட்கள் வந்து எங்கள் ஒழுங்கையை அளந்தார்கள். பிறகு ஊர் அதிகாரி விதானையார் வந்து வீடு வீடாகச் சொன்னார். விளையாட்டு மைதானம் வருகிறது, ஆட்கள் இருந்து பார்க்கக் கலரி கட்டப் போகிறார்கள், ஒன்பது வளவும் தேவை, அரியாலைப் பக்கம் மாற்றுக் காணி தருவார்கள். ஐயா விறாந்தை வாங்கில் இருந்தபடியே கேட்டார். அம்மா மட்டும், "கிணறு?" என்று கேட்டா. விதானையார், "கிணத்தைத் தூர்த்து மூடுவினம் பிள்ளை, விளையாடிற பெடியள் விழுந்திடுவாங்களெல்லே" என்றார்.

அன்று பின்னேரமே மாப்பிள்ளை சைக்கிளில் பறந்து வந்தார். கலியாணத்துக்கு முன் பெண் வீட்டுப் படலைக்குள் வரக்கூடாது என்ற வெட்கமெல்லாம் அன்றைக்கு அவருக்கு இல்லை. கையில் கற்கண்டுப் பொட்டலம்.

"மாமா! வெளி கிடைச்சிட்டுது! சபை ஓம் எண்டிட்டுது!"

ஐயா அவரை மேலும் கீழும் பார்த்தார். "ஓம் தம்பி, எங்களுக்கும் சொன்னவை. எந்த இடம் எண்டு உங்களுக்குச் சொன்னவையோ?"

"வடிவாச் சொல்லேல்லை மாமா. பரவைக்கடல் பக்கமாம்."

"நீங்கள் இப்ப நிக்கிறது மைதானத்துக்குள்ளைதான்."

அந்த மனுசனின் முகத்தைப் பார்க்கவேண்டும்! கற்கண்டுப் பொட்டலத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் சைக்கிள் ஆசனத்தில் வைத்தார், அது விழுந்தது, எடுத்தார், திரும்ப வைத்தார். எனக்கு அடங்காத கோபம். கதவு மறைவில் நின்ற நான் வெளியே வந்துவிட்டேன்.

"ஏன் தம்பி, பந்தடிக்க உங்களுக்கு வேறை இடம் கிடைக்கேல்லையோ? அவளின்ரை அடுப்படிதானோ கண்ணிலை பட்டது?"

"சத்தியமா எனக்குத் தெரியாது அக்கா. வெளி வேணும் எண்டு கேட்டனாங்கள், அவ்வளவுதான். ஆரின்ரையும் வீட்டைக் கேக்கேல்லை."

உள்ளே யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டது. என் தங்கைதான். தன் சீதனத்தைத் தானே மைதானத்துக்குத் தாரைவார்த்த மாப்பிள்ளையை யன்னலுக்குள்ளால் பார்த்து விழுந்து விழுந்து சிரிக்கிறாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போய்த் தலையில் ஒரு குட்டு வைத்தேன். அப்போதுதான் பார்த்தேன், கண்ணில் தண்ணீரும் ஓடிக்கொண்டிருந்தது.

ஒன்பது குடும்பமும் பங்குனியில் எழும்பினோம். ஓடு, கைமரம், கதவு, நிலை எல்லாம் கழற்றி வண்டியில் ஏற்றினோம். வேலியைக்கூட விடவில்லை. பூவரசங் கதியால்களை வெட்டிக் கட்டுக்கட்டாகக் கொண்டுபோனோம். புதுக் காணியில் நட்டால் தளிர்த்துவிடும். புதுக் காணி என்றால் நாலு பனையும் நாயுண்ணிப் பற்றையும் கல்லும்தான். சீட்டுப் போட்டுத் துண்டு பிரிப்போம் என்று சபையின் ஆள் சொன்னபோது அம்மா ஒரே போடாகப் போட்டா.

"சீட்டும் வேண்டாம் ஒண்டும் வேண்டாம். அங்கை எப்பிடி இருந்தமோ இஞ்சையும் அப்பிடியே. எனக்கு இடப்பக்கம் அவ, வலப்பக்கம் இவ. புது ஆளோடை புதுசாச் சண்டை பழக எனக்கு ஏலாது."

அப்படியே ஒழுங்கையை வளைந்த இடத்தில் வளைத்து, நேரான இடத்தில் நேராக்கி, அரியாலைப் பக்கத்தில் திரும்பப் போட்டுவிட்டோம். கதியால்கள் சித்திரைக்குள் தளிர் விட்டன. அதைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் மனம் ஆறியது. வீடு வராவிட்டாலும் வளரும் சாமான் ஒன்றாவது எங்களோடு வந்திருந்தது.

ஆனால் கிணறு இல்லை. ஒன்பது வீட்டுப் பெண்களும் வெகுதூரம் நடந்து ஒரு தோட்டக் கிணற்றில் தண்ணீர் அள்ளினோம். இதற்குள் மாமியின் தமையனார் வேறொரு இடத்துச் சம்பந்தம் கொண்டுவந்து அவவின் காதில் ஓதத் தொடங்கிவிட்டார். கல்வீடு, தென்னை, நல்ல தண்ணீர்க் கிணறு எல்லாம் இருக்கிற இடமாம். மாமி எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் நேரே சொன்னா.

"மச்சாள், கோவிக்காதையுங்கோ. உங்களிலை பிழை இல்லை. ஆனா நான் தண்ணி காவினதுக்கு என்ரை இடுப்பு சாட்சி. என்ரை பிள்ளையைச் சவர் வளவுக்கு அனுப்ப மாட்டன். கிணறு வெட்டுங்கோ. ஆவணிக்கு முதல் வந்து பருப்பு அவிச்சுப் பாப்பன். அவிஞ்சால் கலியாணம். அவியாட்டி அண்ணை சொல்லிற இடம்."

அவ போன பிறகு தங்கை அரிசி களைந்துகொண்டே இருந்தாள். கழுவின அரிசியைத் திரும்பத் திரும்பக் கழுவினாள். அவளுக்கு அந்த மனிதரைப் பிடித்திருந்தது என்பது எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. பெரிய வீடு போனதற்கு அழாதவள், அன்று அரிசிக் கழுநீருக்குள் கண்ணீர் விட்டாள்.

அடுத்த சனிக்கிழமை விடியற்காலை படலையில் சத்தம். மாப்பிள்ளையும் உதைபந்துக்காரர் எல்லாரும் அலவாங்கும் மண்வெட்டியுமாக நிற்கிறார்கள்.

"வெளி கேட்டது நாங்கள். கிணறும் நாங்கள்தான் வெட்டவேணும்" என்றார் மாப்பிள்ளை.

ஊர் சிரித்தது. கலியாணத்துக்கு முன் பெண் வீட்டில் கல்லுடைக்கிற மாப்பிள்ளையை யார் கண்டது? ஆனால் ஒழுங்கைப் பெண்கள் கஞ்சி காய்ச்சி வைத்தார்கள், ஆண்கள் மண் அள்ளினார்கள். கல் உடைந்தது. ஆனி முடிகிற நேரத்தில் ஊற்று வந்தது. ஐயா கையில் ஏந்திக் குடித்தார். நல்ல தண்ணீர்! ஒழுங்கை முழுக்கக் கூச்சல். மாப்பிள்ளை கிணற்றுக்குள் நின்றே துள்ளினார், கோல் போட்டதுபோல.

அதோடு விட்டிருக்கவேண்டும். எங்கள் ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும், மேலே நல்ல தண்ணீர், அதற்குக் கீழே உப்புத் தண்ணீர். ஆசைப்பட்டு ஆழம் போனால் உப்பு மேலே ஏறும். ஐயாவுக்கு இது தெரியாதா? நல்லாகத் தெரியும். ஆனால் கோடையில் தண்ணீர் முழங்கால் அளவுதான் நின்றது. சீதனத்துக்குக் கொடுக்கிற கிணற்றில் வாளி அடியில் முட்டுகிறது என்று மாமியின் தமையனார் நக்கலடிப்பாரே என்ற வெட்கம் அவரைத் தின்றுவிட்டது. போன வளவில் ஆள் மட்டம் தண்ணீர் வைத்திருந்த மனிதர்.

"இன்னும் ஒரு படை கல்லு மட்டும் எடுப்பம்" என்றார்.

அம்மா, "வேண்டாம், இது காணும்" என்று கெஞ்சினா. பெடியங்களுக்கோ உற்சாகம் தலைக்கேறியிருந்தது. அலவாங்கு இறங்கியது, கல் பிளந்தது, தண்ணீர் குபுகுபு என்று வந்தது. இடுப்பளவு! ஐயா வாயில் வைத்துப் பார்த்தார். துப்பினார். கிணற்றுக் கட்டில் அப்படியே குந்திவிட்டார்.

அதன் பிறகு கல்லும் களிமண்ணும் போட்டு அடியை மூடினார்கள். சவர் குறைந்தது, போகவில்லை. இரண்டு மாரி மழை விழுந்தால் உப்பு கீழே இறங்கிவிடும் என்று எல்லாரும் சொன்னார்கள். உண்மைதான். ஆனால் மாரி ஐப்பசியில்தானே வரும், மாமி ஆடிக் கடைசியில் வருகிறா! ஐயா சாப்பாட்டில் கை வைக்காமல் எழும்பிப் போவார். அவரைத் திட்டவும் முடியவில்லை, திட்டாமல் இருக்கவும் முடியவில்லை.

நான் ஒரு வழி செய்தேன். மாமி வருகிற அன்று காலமை தோட்டக் கிணற்றுக்குப் போய் ஒரு குடம் நல்ல தண்ணீர் கொண்டுவந்து குசினி மூலையில் வைத்தேன். அம்மாவுக்கும் தெரியும். கிணற்றில் அள்ளியதுபோல அள்ளி, உள்ளே வந்து குடத்தை மாற்றிவிடுவது. இதை ஏமாற்று என்று யாராவது சொன்னால் சொல்லட்டும். இரண்டு மாரியில் சரியாகிற விஷயத்துக்கு என் தங்கையின் சீவியத்தை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. இன்றைக்கும் அதில் எனக்கு வெட்கமில்லை.

மாமி வந்தா. முந்தானையில் பருப்பு முடிச்சு. பின்னால் தமையனார், சால்வையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு. ஆண்கள் முற்றத்துப் பந்தலில் கதிரைகளில் இருந்தார்கள். மாப்பிள்ளை வேலி ஓரம் தளிர்த்த பூவரசின் இலையைப் பிய்த்துப் பிய்த்துப் போட்டுக்கொண்டு நின்றார்.

மாமி குசினிக்குள் வந்து பலகையைப் போட்டு இருந்தா. நான் குடத்தைக் கிட்ட நகர்த்தினேன். தங்கை என்னைப் பார்த்தாள், குடத்தைப் பார்த்தாள். பிறகு வெறும் பானையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். துலா கிறீச்சிட்டது. கிணற்றுத் தண்ணீரோடு வந்து மாமிக்கு முன்னால் வைத்தாள்.

"மாமி, அந்தக் குடத்துத் தண்ணி தோட்டத்துக் கிணத்திலை அள்ளினது. இதுதான் எங்கடை கிணத்துத் தண்ணி. சவர்தான். ஐயா கொஞ்சம் கூடத் தோண்டிப்போட்டார். மழைக்கு மாறும் எண்டு சொல்லுகினம். மாறாட்டி தண்ணி நான் காவுவன். உங்கடை மோன் ஒரு குடமும் காவத் தேவையில்லை."

எனக்கு அந்த இடத்திலேயே நிலம் பிளந்து உள்ளே போகலாம் போல இருந்தது. அடி பாவி, இவ்வளவு தூரம் நடந்து கொண்டுவந்தேனே! அம்மா தலையில் கை வைத்துவிட்டா. மாமி தண்ணீரை உள்ளங்கையில் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தா. முடிச்சை அவிழ்த்துப் பருப்பைத் தானே பானையில் போட்டா. விறகைத் தானே தள்ளினா.

கொதித்தது. கொதித்துக்கொண்டே இருந்தது. ஒரு சுற்று விறகு முடிந்து நான் அடுத்த சுற்று வைத்தேன். பந்தலில் இருந்து தமையனார், "என்ன, இன்னும் இல்லையோ?" என்று குரல் கொடுத்தார். மாமி தங்கையையே பார்த்துக்கொண்டிருந்தா. தங்கை தலையைக் குனியவில்லை. அழவும் இல்லை.

கடைசியில் மாமி அகப்பையில் நாலு பருப்பை எடுத்து ஆற்றி வாயில் போட்டா. கடக் என்று பல்லில் பட்ட சத்தம் எனக்குக் கேட்டது. சத்தியமாகக் கேட்டது. அவ அதைக் கடித்தா, மென்றா, மெதுவாக விழுங்கினா. எழும்பி, சேலையை உதறிக்கொண்டு, குசினி வாசலில் போய் நின்றா.

"பருப்பு அவிஞ்சிட்டுது அண்ணை. கலியாணத்துக்கு நாள் பாருங்கோ."

தமையனார் நம்பாமல் எழும்பினார். "எங்கை, நானும் ஒருக்காப் பாப்பம்."

"ஏன், உனக்கு என்ரை வாயிலை நம்பிக்கை இல்லையோ? இவ்வளவு காலமும் தண்ணி காவினது நீயோ நானோ?" என்று அவ போட்ட சத்தத்தில் அந்தாள் கதிரையிலேயே இருந்துவிட்டார். நான் ஓடிப்போய்ப் பானையை எடுத்து மாட்டுக் கழுநீர்த் தொட்டியில் கவிழ்த்தேன். யாருக்குத் தெரியும், மாடுதான் சாட்சி. அம்மா ஒரு மூலையில் இருந்து விம்மி விம்மி அழுதா. தங்கை அப்போதுதான் அழுதாள்.

ஆவணியில் கலியாணம். ஒன்பது வீடும் ஒரே பந்தலில் சாப்பிட்டது. உதைபந்துக்காரர்தான் பந்தி பரிமாறினார்கள். ஒருவன் அப்பளத்தைக்கூட எறிந்து ஏந்தினான். பிறகு மைதானம் திறந்தபோது நாங்கள் எல்லாரும் வண்டி கட்டிப் போனோம். போகமாட்டேன் என்று அடம்பிடித்த ஐயாதான் முதலில் ஏறி இருந்தவர். புல்லைப் பார்த்து, இது என் விறாந்தை, இது உன் மாமரம் என்று ஒவ்வொருவரும் கையைக் காட்டினார்கள். என் தங்கையின் மனுசன் முதல் கோலை அடித்தது எங்கள் குசினிப் பக்கத்தில். கலரியில் எல்லாரும் எழும்பிக் கத்த, தங்கை என் காதுக்குள், "பாத்தியோ அக்கா, அடுப்படிக்குள்ளை ஒரு நாளும் வராத மனுசன்" என்றாள். நான் சிரித்த சிரிப்பில் மடியில் இருந்த என் பிள்ளை விழித்துக்கொண்டது.

கிணறு மட்டும் உடனே இறங்கி வரவில்லை. முதல் மாரியில் கொஞ்சம். தங்கை சொன்னபடி குடம் தூக்கினாள். மாமிக்குத் தெரியாமல் மாப்பிள்ளையும் தூக்கினார், சைக்கிளில் இரண்டு பக்கமும் கட்டி. அடுத்த வருடம் கார்த்திகையில் மழை அடித்து ஊற்றியது, ஒழுங்கை முழுக்க வெள்ளம். தை பிறந்து ஒரு நாள் காலமை தங்கை பருப்பு வைத்தாள். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றபோதே அவள் கத்தினது கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன். பருப்பு பூப்போல மலர்ந்து கிடந்தது.

ஒரு கிண்ணத்தில் போட்டு மூடிக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு, தங்கை மாமி வீட்டுக்கு ஓடினாள். மாமி முற்றத்தில் இருந்து கிடுகு பின்னிக்கொண்டிருந்தா. தங்கை மூடியைத் திறந்து நீட்டினாள்.

"மாமி, பாருங்கோ! எங்கடை கிணத்துத் தண்ணி. அவிஞ்சிட்டுது!"

மாமி ஒரு விரலால் தொட்டு வாயில் வைத்தா. பிறகு கிடுகுக்குத் திரும்பினா.

"இதுக்கோ இந்த ஓட்டம்? அண்டைக்கும் உப்பிடித்தானே பிள்ளை இருந்தது" என்றா.